மாப்பிள்ளைமாரின் ஊர்

அத்தியாயம் ஒன்பது

வியாழக்கிழமை பொழுது பட்டுத்தான் சாலிஹ் வீட்டுக்கு வருவது வழக்கம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து வாசலில் நின்றால் நஸீறா என்ன நினைப்பாள்? அதுவும் கையில் தகரப் பெட்டியோடு.

"என்ன மச்சான், உடம்புக்கு ஏதுமா?"

"இல்ல."

"கடை பூட்டா?"

"இல்ல புள்ள. மாமா ஆள் அனுப்பியிருந்தாரு. இண்டைக்கு றெயில்வே தொரை வாறாராம். நான் பக்கத்துல நிக்கணுமாம்."

"அதுக்குப் பெட்டி என்னத்துக்கு?"

சாலிஹ் பெட்டியைச் சுவரோரமாக வைத்தான். அது நல்ல பாரம் என்பது வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. "துணி மூட்டையெல்லாம் நேத்தே வந்து இறங்கிட்டு. அறைய ஒழிச்சுக் குடுத்தாச்சு. பெட்டிய எங்கயாச்சும் வைக்கணுமே. தண்ணி கொஞ்சம் தா."

எங்கயாச்சும்! நஸீறா தண்ணீர் எடுக்கப் போனாள். போகும்போதே அந்தச் சொல் அவளைக் குத்தியது. வைக்கக் கொண்டு வந்தாரா, இல்லை, போகிற வழியில் இறக்கினாரா?

கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றுதான் வந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். உலகச் சண்டைக்கு முன்பு வாழைச்சேனையிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு சின்னக் கோச்சி, அதாவது ரயில், புறப்படும். எல்லாம் மூன்றாம் வகுப்புப் பெட்டிதான். ஏறாவூரில் நின்று ஆட்களை அள்ளிக்கொண்டு மட்டக்களப்புப் பட்டினத்துக்குப் போகும். பொழுது படத் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். ஒரு தையற்காரன் கூட யோசிக்காமல் எடுக்கக்கூடிய டிக்கெட். சண்டை வந்ததும் நிலக்கரி பட்டாளத்துக்கு வேண்டும் என்று அதை நிறுத்தினார்கள். சண்டை முடிந்து ஒரு வருடமாகிவிட்டது. பட்டாளம் போய்விட்டது, கோச்சி வந்து சேரவில்லை. பஸ் ஒன்று ஓடுகிறது; அது வரும்போதே தொங்கிக்கொண்டு வரும். ஏறினாலும், தினம் ஏறினால் உழைப்பில் பாதி அதற்கே சரி. ஆகவே பட்டினத்தில் வேலை பார்க்கும் ஏறாவூர் ஆண்கள் கடை மூலையில் பாய் விரித்துப் படுத்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை சொந்தப் பிள்ளைகளிடம் விருந்தாளி மாதிரி வந்துபோனார்கள்.

சாலிஹ் ஒரு புடவைக் கடையில் கணக்கப்பிள்ளை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் அவனுடைய பாய். அந்த அறை சரக்கு வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். இனி இரண்டே வழி. கோச்சி திரும்ப ஓடினால் ஒவ்வொரு இரவும் நஸீறாவின் வீடு. ஓடாவிட்டால் காத்தான்குடியில் அவனுடைய உம்மா கைறுன்னிஸாவின் வீடு. அது பட்டினத்திலிருந்து நடக்கிற தூரம். அறைக்கு வெள்ளை அடித்துவிட்டதாக அந்த அம்மாள் போன வாரமே சொல்லி அனுப்பியிருந்தாள். மனைவி வீட்டை விட்டு உம்மா வீட்டில் போய்ப் படுக்கிற மாப்பிள்ளையைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஊர் வாய் என்ன சொல்லும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நஸீறாவின் வாப்பா றவூப் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத் திரட்டி, கோச்சியைத் திரும்ப ஓட்டும்படி மனுப் போட்டார். அதற்கு வந்த பதிலோடுதான் சென்ற வாரம் நிறுத்தினோம். "மனுதாரரில் தொண்ணூற்றேழு பேர் ஏறாவூரில் வசிப்பவர்கள் அல்ல. காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் உன்னிச்சையிலும் உள்ளவர்களுக்கு ஏறாவூரிலிருந்து காலை வண்டி எதற்கு என்பது விளங்கவில்லை. அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். மனு உண்மையற்றது எனக் கண்டால் விஷயம் இத்துடன் முடிக்கப்படும்."

றவூப் மூன்று நாளாக அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"எல்லாரும் இஞ்சதானே இரிக்கிறாங்க! நான் வெள்ளிக்கு வெள்ளி பள்ளிவாசல்ல காணுறன். இவனுகள் எங்க போய் ஆக்களைத் தேடினானுகள்?"

விஷயம் இவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் பெண் எங்கும் போகமாட்டாள். வீடு அவளுக்குச் சீதனம், ஆண்தான் வருவான். வந்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு, அந்த வளவிலேயே கண்ணை மூடுவான். ஆனால் உயிர் போகிற நேரத்தில் எழுப்பி "உங்கட ஊர் எது?" என்று கேட்டாலும் உம்மாவின் ஊரைத்தான் சொல்லுவான். முஸ்லிமும் அப்படித்தான், தமிழரும் அப்படித்தான். றவூப் மனுவில் இரண்டே இரண்டு பத்தி போட்டிருந்தார்: பெயர், ஊர். எழுதியவர்கள் ஒரு பொய்யும் சொல்லாமல் உண்மையை எழுதினார்கள். அதனால்தான் கெட்டது.

கடிதத்தோடு திரும்பி வந்த மனுத் தாள்களில் அந்தத் தொண்ணூற்றேழு வரிக்கும் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். முதல் கோடே றவூபின் பெயருக்குத்தான் விழுந்திருந்தது. அவர் பிறந்தது ஓட்டமாவடி.

அந்தச் சிவப்புக் கோடு போட்ட தாள்களை அவர் இப்போது கூடத்துப் பாயில் பரப்பினார். மருமகனுக்கு எல்லாம் காட்டவேண்டுமே. தாளில் இருந்தது நஸீறாவின் கையெழுத்து. அவரவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகளைப் பார்த்து, மூன்று பின்னேரம் குந்தியிருந்து, அழகாகப் படி எடுத்தது அவள்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண். எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். எழுதி முடித்ததும் எண்ணிக்கையைப் பார்த்தாளே தவிர திரும்ப வாசிக்கவில்லை. இன்று சோற்றுக் கோப்பையோடு குனிந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.

'சாலிஹ் — காத்தான்குடி.' மேலே சிவப்புக் கோடு.

வாப்பா கை கழுவப் போகும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. போனதும் கேட்டாள்.

"ஏழு வருசம் மச்சான். ஏழு வருசம் இந்த ஊட்டுல இரிக்கிறீங்க. ரெண்டு புள்ளை பொறந்த ஊடு. ஊர் கேட்டா காத்தான்குடியா?"

சாலிஹ் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுத் தாளைப் பார்த்தான். அந்த வரியை விரலால் தொட்டான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நான் அப்பிடியா எழுதினன்?"

"நீங்க எழுதாம வேற ஆரு? சீட்டப் பாத்துத்தானே நான் எழுதினன்!"

"ஓ."

"மத்த ஆக்கள் எழுதினா எழுதட்டும். உங்களுக்குப் படிப்பிரிக்கு. பட்டினத்துல வேலை பாக்கிறீங்க. உங்களுக்குமா விளங்கல்ல? அங்க மாமி அறைக்கு வெள்ளை அடிக்கிறா, இஞ்ச நீங்க பெட்டியோட வந்து நிக்கிறீங்க. நான் என்னெண்டு எடுக்கிறது?"

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"சரி புள்ள. அப்பிடியே இரிக்கட்டும்."

கையைக் கழுவினான். தொப்பியை எடுத்துப் போட்டான். தாள்களை அள்ளிக்கொண்டு புறப்பட்ட மாமனாருக்குப் பின்னால் ஸ்டேசனுக்கு நடந்தான். பெட்டி மட்டும் பூட்டோடு சுவரோரம் இருந்தது.

அப்பிடியே இரிக்கட்டும் என்றால்? காத்தான்குடி என்றே இருக்கட்டும் என்றா? நஸீறாவுக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை.

அவளுடைய உம்மா ஸகியா அடுப்படியிலிருந்து வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"உங்கட வாப்பா மாப்பிள்ளையா வந்த அண்டைக்குக் கொண்டு வந்த பெட்டி அந்தா கிடக்கு. இருவத்தெட்டு வருசம். ஒரு விரக்கடை அசையல்ல. போறதும் வாறதுமா இரிக்கிற பெட்டி எனக்குப் பிடிக்கல்ல மகள்."

"உம்மா, சும்மா இரிங்க."

"நான் சும்மாதான் இரிக்கிறன். பெட்டியத்தான் சொன்னன்."

நஸீறாவுக்கு ஆத்திரம் பொங்கியது. சீட்டை எடுத்து வைக்க வேண்டும். அவன் திரும்பி வந்ததும், அவன் கையாலேயே எழுதிய சீட்டை முகத்துக்கு நேரே நீட்டி, "இது ஆர்ட கையெழுத்து?" என்று கேட்க வேண்டும். துண்டுச் சீட்டுகள் எல்லாவற்றையும் அவள் ஒரு கம்பியில் குத்தி அலுமாரிக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தாள். கழற்றிப் பாயில் கொட்டினாள். பீடிக் கட்டு உறையில் எழுதியது, கடைப் பில்லின் பின்பக்கம் எழுதியது, பிள்ளையின் கொப்பியில் கிழித்தது என்று இருநூற்றுச் சொச்சம் சீட்டு. நடுவில் புடவைக் கடையின் பில் தாள் ஒன்று அகப்பட்டது. சாய்வான எழுத்து, பார்த்ததும் தெரிந்துவிட்டது.

'சாலிஹ் — ஏறாவூர்.'

திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் வாசித்தாள். எழுத்து மாறவில்லை.

அப்போதுதான் அந்தப் பின்னேரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்தச் சீட்டை எடுத்தபோது அவள் சிரித்திருக்கிறாள். 'பாவம், அவசரத்துல கோச்சி ஏறுற இடத்தை எழுதிட்டார்' என்று நினைத்து, சிரித்துக்கொண்டே, அழகான எழுத்தில், காத்தான்குடி என்று திருத்தி எழுதியிருக்கிறாள். ஆண் பிள்ளைக்கு ஊர் உம்மாவின் ஊர்தானே! இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த மனிதன் தன் ஊர் ஏறாவூர் என்று கைப்பட எழுதிக் கொடுத்தான். அவள் அதை நம்பவில்லை. நம்பாததோடு விடாமல், சோற்றுக்கு முன்னால் வைத்து அவனையே கேள்வி கேட்டிருக்கிறாள். தாளைத் தொட்டுப் பார்த்தபோதே அவனுக்கு விளங்கியிருக்கும். விளங்கியும் "அப்பிடியே இரிக்கட்டும்" என்றான். நஸீறாவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்த இடத்திலேயே குந்தி அழுதாள்.

அழுகை நின்றதும் இன்னொரு பயம் பிடித்தது. தொரை அவனையும் கேட்பார். மனம் நொந்து போன மனிதன். காத்தான்குடி என்றே சொல்லிவிட்டால்?

"உம்மா! மாட்டுக் கரத்தையக் கட்டச் சொல்லுங்க."

"எங்க?"

"ஸ்டேசனுக்கு."

"ஊர் ஆம்பிளையெல்லாம் கூடி நிக்கிற இடத்துக்கா? உனக்கென்ன பைத்தியமா?"

"நீங்களும் வாங்க. கரத்தைக்குள்ளதானே இரிக்கப் போறம்."

ஸகியா முணுமுணுத்துக்கொண்டே வெள்ளைத் துப்பட்டியைத் தேடினாள். தேடியதும் முணுமுணுத்ததும் ஒன்றாகத்தான் முடிந்தன.

ஸ்டேசன் முன்னால் வேப்ப மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். தொரை ட்றொலியில் வந்து இறங்கியிருந்தார். தண்டவாளத்து வெயில் முழுக்க அவர் முகத்தில் இருந்தது. தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் புத்தகத்தில் படித்த தமிழ். பக்கத்தில் ஸ்டேசன் மாஸ்டர் நல்லரத்தினம் சோடாப் போத்தலோடு நின்றார். சுற்றிலும் ஏறாவூரின் மாப்பிள்ளைமார் எல்லாரும் நின்றார்கள். கூடாரக் கரத்தை மரத்துக்குச் சற்று இப்பால் நின்றது. நஸீறா திரையை இரண்டு விரல் அளவு விலக்கினாள்.

தையற்காரன் அஹமட்டின் முறை நடந்துகொண்டிருந்தது.

"உங்கள் ஊர்?"

"ஓட்டமாவடி தொரை."

"இரவில் எங்கே தூங்குகிறீர்கள்?"

"முந்தி ஏறாவூர்ல. இப்ப பட்டினத்துல, தையல் மிசினுக்குக் கீழ."

"ஏறாவூரில் யார் வீடு?"

"பொஞ்சாதிட ஊடு."

"உங்கள் வீடு எங்கே?"

"எனக்கு ஊடு இல்லையே தொரை. அதத் தங்கச்சிக்குக் குடுத்தாச்சு."

தொரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்தவர்."

சாமித்தம்பி வந்தார். பட்டினத்துக் கந்தோர் ஒன்றில் பியூன். தோளில் துண்டை இறக்கிப் பணிவாக நின்றார்.

"ஊர்?"

"உன்னிச்சை ஐயா."

"உன்னிச்சையில் யார் இருக்கிறார்கள்?"

"அம்மா. தங்கச்சிமார். அவையிட புருசன்மார்."

"நீங்கள்?"

"நான் இஞ்ச. பதினெட்டு வருசமாகுது."

"பதினெட்டு வருடம் இங்கே விருந்தாளியாக இருக்கிறீர்களா?"

சாமித்தம்பிக்குச் சுருக்கென்றது. "விருந்தாளி இல்ல ஐயா. மாப்பிள்ளை."

கூட்டம் சிரித்தது. தொரை சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்தார்.

"எனக்கு இது விளங்கவில்லை. ஒருவருக்கும் வசிக்கிற இடம் ஊர் இல்லை. ஊரில் ஒருவரும் வசிக்கவில்லை. இப்படி ஒவ்வொருவராகக் கேட்டால் இருட்டிவிடும். இவர்கள் எல்லாரையும் தெரிந்த ஒருவர், படித்தவர், பொறுப்பாக நின்று சொல்லட்டும். அவர் சொல்லுகிறதை எழுதிக்கொள்ளுகிறேன்."

இதற்காகத்தானே றவூப் ஆள் அனுப்பினார்! மருமகனின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "இவரு என்ட மருமகன் தொரை. பட்டினத்துல கணக்கப்பிள்ளை."

"நல்லது. முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள். எங்கே வசிக்கிறீர்கள்?"

கரத்தைக்குள் நஸீறா திரையை இன்னும் ஒரு விரல் விலக்கினாள்.

"ஏறாவூர் சேர்," என்றான் சாலிஹ்.

தொரை தாளைப் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார். "இங்கே காத்தான்குடி என்று இருக்கிறது."

"அது பிழை சேர்."

"யாருடைய பிழை?"

சாலிஹ் தொப்பியைச் சரிசெய்தான். கரத்தை நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ட பிழைதான். நான்தான் மாறி எழுதிப்போட்டன்."

நஸீறா மடியிலிருந்த பில் தாளைக் கையில் எடுத்தாள்.

தொரை நீளமாக ஒரு மூச்சு விட்டார். "தன்னுடைய வீட்டையே பிழையாக எழுதியவர், மற்றத் தொண்ணூற்றாறு பேரின் வீட்டுக்குப் பொறுப்பு நிற்கிறாரா? மன்னிக்க வேண்டும். இதை நான் கொழும்புக்கு எழுத முடியாது." தாள்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டினார். நாடாவை எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

கோச்சி அந்த நாடாவுக்குள் கட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. நஸீறா காலைக் கீழே வைத்தாள்.

"மகள்!" ஸகியா துப்பட்டியின் நுனியைப் பிடித்தாள்.

"விடுங்க உம்மா."

ஒரு பெண் ஆண்கள் நடுவே நடந்து வந்தால் கூட்டம் தானாக விலகும். விலகியது. வேப்ப மரத்தடி வரை அவள் எப்படி வந்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. முக்காட்டை இழுத்துக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி பேசினாள்.

"அத எழுதினது அவரில்ல. நான்."

தொரையின் கை நின்றது. "நீங்கள் யார்?"

"அவரிட பொஞ்சாதி. இந்தத் தாள் எல்லாம் என்ட எழுத்து. இந்தா, இது அவர் எழுதித் தந்த சீட்டு." பில் தாளை மேசையில் வைத்தாள். "ஏறாவூர் எண்டுதான் இரிக்கு. நான்தான் மாத்தி எழுதினன்."

தொரை சீட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சாலிஹைப் பார்த்தார். சாலிஹ் நிலத்தைப் பார்த்தான்.

"ஏன் மாற்றினீர்கள்?"

"அவர் பிழையா எழுதிட்டார் எண்டு நெனச்சன். ஆம்பிளைக்கு ஊர் எண்டா உம்மாட ஊர்தானே சேர்?"

சுற்றி நின்ற அத்தனை தலையும் ஆமென்று ஆடியது. அஹமட் ஆட்டினான், சாமித்தம்பி ஆட்டினார், றவூப் ஆட்டினார். உத்தியோகத்தில் நிற்கிறோம் என்பதை மறந்து ஸ்டேசன் மாஸ்டர் நல்லரத்தினமும் ஆட்டினார். தொரை அந்தத் தலைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். இவ்வளவு நேரம் வாயால் சொல்லியும் ஏறாதது கண்ணால் பார்த்ததும் கொஞ்சம் ஏறியது போலிருந்தது.

"மற்றச் சீட்டுகளும் உங்களிடம் இருக்கின்றனவா?"

"எல்லாம் ஊட்டுல இரிக்கு."

"உங்கள் ஊர்?"

அவளிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதே இல்லை. "ஏறாவூர்."

"உங்கள் கணவருடைய ஊர்?"

நஸீறாவின் கண் நிறைந்துவிட்டது. "அவர் அப்பவே சரியா எழுதித் தந்தார் சேர். நான்தான் வாசிச்சும் நம்பல்ல."

தொரை கட்டிய நாடாவை அவிழ்த்தார். ஏதோ எழுதினார், எழுதியதை யாருக்கும் காட்டவில்லை. எழுந்தபோது சொன்னார்: "சீட்டுகளை எல்லாம் மாஸ்டரிடம் கொடுங்கள். இனி இதைக் கொழும்பு பார்க்கட்டும். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை."

ட்றொலி உருண்டு மறைந்தது. மரத்தடியில் பெரும் வாக்குவாதம் கிளம்பியது. பாதிப் பேர் வென்றோம் என்றார்கள், பாதிப் பேர் தோற்றோம் என்றார்கள். றவூப் ஒவ்வொருவரையும் பிடித்து, "இப்ப என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நஸீறா கரத்தையடியில் நின்றாள். சாலிஹ் வந்தான். இருவரும் மாட்டைப் பார்த்தார்கள்.

"மச்சான், பெட்டி?"

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"திற. உடுப்பெல்லாம் எடுத்து அலுமாரில வை."

"கோச்சி வருமா?"

"தெரியாது."

"அப்ப நாளைக்கு எட்டு மணிக்குக் கடையில எப்பிடி நிப்பீங்க?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல." அன்று முழுவதும் சிரிக்காதவன் இப்போது சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. பிறகு இரண்டும் நின்றன.

"மாமி அறைக்கு வெள்ளை அடிச்சு வெச்சிட்டுப் பாத்துக்கொண்டிருப்பாவே. அவவுக்கு ஆரு சொல்லுறது?"

சாலிஹ் கரத்தைத் திரையை அவளுக்காக விலக்கிப் பிடித்தான்.

"நீதான் நல்லா எழுதுவியே புள்ள. இண்டைக்கே ஒரு காயிதம் எழுது. மகன் இனி ஏறாவூர்தான் எண்டு எழுது. ஊர்ப் பேர மட்டும் மாத்திப் போடாத."